வளைவில் எழாத ஒலி: ஒரு படகு ஹாரன் பழுதின் நிகழ்வு ஆய்வு

படகு ஏழு மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு. பின்புறத்தில் பெட்ரோல் எஞ்சின், 12 வோல்ட் பேட்டரி, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கைப்பிடிக் கம்பிக்குக் கீழே எக்காள வடிவில் ஒரு மின்சார ஹாரன். விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு தண்ணீரில் சுற்றி வருவதற்காக வாங்கிய படகு இது. ஹாரன் படகோடு வந்தது. நிகழ்வு நடந்தபோது அதற்குப் பதினொரு வயது.

இருபுறமும் ஆளுயர நாணல் வளர்ந்த ஒரு குறுகிய கால்வாய் வலப்பக்கமாகத் திரும்பும் இடம். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று பார்க்க வழியில்லை. இப்படிப்பட்ட இடத்தை நெருங்கும்போது ஒரு நீள ஒலி எழுப்ப வேண்டும் என்பது விதி. பொத்தானை அழுத்தி ஐந்து விநாடி பிடித்திருந்தேன். தொண்டை கட்டியவர் பேச முயல்வதுபோல ஒரு கரகரப்பு வந்தது. பதில் ஒலி ஏதும் வரவில்லை என்பதால் எதிரே யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பினேன். அடுத்த கணம் ஒரு படகு நேரே வந்துகொண்டிருந்தது. இருவரும் வலப்பக்கம் ஒடித்தோம். இரண்டு படகுகளுக்கும் இடையே ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமான இடைவெளிதான் இருந்தது. என் படகில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு எதிர்ப் படகை ஓட்டியவரிடம் பேசினேன். "ஹாரன் அடித்தீர்களா? எனக்கு எதுவுமே கேட்கவில்லையே" என்றார். அவர் பொய் சொல்லக் காரணம் இல்லை. எனக்குக் கேட்டது உண்மை, அவருக்குக் கேட்காததும் உண்மை. இந்த நிகழ்வின் மையம் இதுதான். முற்றிலும் செத்துப்போன ஹாரனாக இருந்திருந்தால் நான் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்து, ஊர்ந்து போயிருப்பேன். பாதி உயிரோடு இருந்த ஹாரன், அறிவித்துவிட்டோம் என்ற நம்பிக்கையை எனக்குக் கொடுத்துவிட்டது. பல வாரங்களாகவே ஒலி மெலிந்து வந்ததை நான் கவனித்திருந்தேன். கேட்கத்தானே செய்கிறது என்று விட்டிருந்தேன். அது என் தவறு, அதை மறைக்காமல் எழுதுவதற்காகவே இந்த ஆய்வு.

விதி என்ன கேட்கிறது

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள் 1977இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்கள் முறையான ஊதல் கருவி வைத்திருக்க வேண்டும். அதற்குக் குறைவான படகுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் திறம்பட ஒலி எழுப்ப ஏதேனும் ஒரு வழி இருந்தாக வேண்டும். இந்தச் சலுகையைப் பலர் 'சின்னப் படகுக்கு எதுவும் தேவையில்லை' என்று படித்துவிடுகிறார்கள். 'திறம்பட' என்ற சொல்லை அவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கரகரத்த ஹாரன் அந்தச் சொல்லுக்குள் வராது.

சமிக்ஞைகள் சிலவே. குற்றொலி ஏறக்குறைய ஒரு விநாடி, நீளொலி நான்கு முதல் ஆறு விநாடி. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் எஞ்சின் கலங்களுக்கிடையே ஒரு குற்றொலி என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன். ஐந்தோ அதற்கு மேலோ வேகமாக ஒலித்தால், உங்கள் நோக்கம் எனக்குப் புரியவில்லை என்று பொருள். மூடுபனியில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் படகு இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீளொலி தர வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகு இதை அப்படியே தராவிட்டாலும், அதே இடைவெளியில் வேறு ஏதேனும் திறமான ஒலியைத் தர வேண்டும். வளைவில் நான் கொடுத்ததும் நீளொலிதான். அதைக் கேட்ட மறுபக்கத்துக் கலம் தானும் ஒரு நீளொலியால் பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்பதற்கு, அங்கே யாருமில்லை என்ற பொருளோடு, நம் ஒலி போய்ச் சேரவில்லை என்ற இன்னொரு பொருளும் உண்டு. அன்று அது எனக்குத் தோன்றவில்லை.

அழுத்திக்கொண்டே அளந்தது

முதலில் தோன்றியது புது ஹாரன் வாங்கி அதே கம்பியில் மாட்டிவிடலாம் என்பது. செய்யவில்லை. ஹாரன் மெலிந்ததற்குக் காரணம் ஹாரனில்தான் இருக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. புதியதை மாட்டி அதுவும் மெலிந்தே ஒலித்தால் பணமும் போய், குழப்பமும் கூடும்.

ஓய்வில் இருந்த பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. ஹாரனின் இரண்டு முனைகளுக்குச் செல்லும் கம்பிகளைக் கழற்றி, வேறொருவர் பொத்தானை அழுத்த, அங்கே அளந்தபோது 12.5 வோல்ட். இதைப் பார்த்தவுடன் 'கம்பி நன்றாக இருக்கிறது, ஹாரன்தான் போய்விட்டது' என்று முடிவு கட்டத் தோன்றும். அந்த முடிவு தவறு. மின்னோட்டம் ஓடாதபோது, துருப்பிடித்து ஒரேயொரு இழையில் தொங்கும் இணைப்புகூட முழு வோல்ட்டேஜையும் கடத்திக் காட்டும். திறந்த குழாயில்தான் அடைப்பு தெரியும், மூடிய குழாயில் தெரியாது.

கம்பிகளைத் திரும்ப ஹாரனில் மாட்டி, ஹாரன் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முனைகளில் அளந்தேன். 9.1 வோல்ட். அதே நேரத்தில் பேட்டரியில் 12.4. நடுவே 3.3 வோல்ட் காணாமல் போயிருந்தது.

எங்கே போனது என்று தேட ஒரு எளிய முறை உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியில் வைத்து, மறு முனையை மின்பாதையில் படிப்படியாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். ஹாரன் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டர் காட்டும் எண் பேட்டரியிலிருந்து அந்தப் புள்ளி வரை தொலைந்த வோல்ட்டேஜ், அடுத்தடுத்த இரண்டு எண்களின் வேறுபாடு நடுவிலுள்ள துண்டில் தொலைந்தது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை 0.2. பொத்தானின் இரண்டு முனைகளுக்கிடையே 1.3. பொத்தானிலிருந்து ஹாரன் வரை 0.5. ஹாரனிலிருந்து நெகட்டிவ் வழியாகப் பேட்டரி வரை 1.3. கூட்டினால் அதே 3.3 வருகிறது. கணக்கு இப்படி ஒன்றோடொன்று பொருந்தும்போது கிடைக்கும் நிம்மதி தனி, ஏனென்றால் இனி ஊகத்துக்கு இடமில்லை.

பொத்தானைத் திறந்து பார்த்தேன். அதன் தொடுமுனைகள் கருகிக் குழி விழுந்திருந்தன. ஹாரனின் உள்ளே கம்பிச் சுருள் இருப்பதால், மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுருள் ஒரு சிறு பொறியைக் கிளப்பும். பதினொரு ஆண்டுப் பொறிகள் அங்கே எழுதி வைத்த கணக்கு அது. நெகட்டிவ் பக்கத்தில், அணியத்தின் கயிற்றுப் பெட்டிக்குள் ஒரு இணைப்பு பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. கம்பியின் உறையைச் சீவினால் உள்ளே ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்துப் போயிருந்தது. உப்பு நீர் இழைகளுக்கு இடையே ஏறி உள்ளேயே பயணம் செய்யும், வெளியே உறை பளபளவென்று இருக்கும்.

ஹாரனுக்கும் தனியாக ஒரு சோதனை வைத்தேன். அதைக் கழற்றி, தடித்த கம்பியால், நடுவே ஒரு ஃபியூஸ் வைத்து, நேரே பேட்டரியில் கொடுத்தேன். 12.3 வோல்ட் கிடைத்தும் கரகரப்பு முழுதாகப் போகவில்லை. ஒலி உயர்ந்தது, ஆனால் உடைந்த ஒலி. ஆக இரண்டு நோய்கள் ஒரே நேரத்தில் இருந்தன. ஹாரனை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் ஒன்பது வோல்ட்டில் முனகியிருக்கும். கம்பியை மட்டும் சரிசெய்திருந்தால் பழையது உடைந்த குரலில் கத்தியிருக்கும்.

பழைய ஹாரனின் உள்ளே

இந்த வகை ஹாரன் எப்படிக் கத்துகிறது என்று தெரிந்தால் அது ஏன் மெலிகிறது என்பதும் தெரிந்துவிடும். மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே உள்ள காந்தச் சுருள், மெல்லிய எஃகு அதிர்தகட்டின் நடுவிலுள்ள இரும்புத் துண்டை இழுக்கிறது. இழுபட்ட துண்டு, தனக்கு மின்சாரம் தரும் தொடுமுனையைத் தானே பிரித்துவிடுகிறது. காந்தம் விடுகிறது, தகடு வில்போலத் திரும்புகிறது, முனை மறுபடி சேர்கிறது. இது விநாடிக்கு நானூறு ஐந்நூறு முறை நடக்கும். அந்த அதிர்வை எக்காளக் குழாய் காற்றுக்குக் கைமாற்றித் தருகிறது. வோல்ட்டேஜ் குறைந்தால் இழுவிசை குறைகிறது, தகடு முழு வீச்சுக்குப் போகாமல் நடுவழியில் திரும்புகிறது. தகடே சேதமாகியிருந்தால் எத்தனை வோல்ட் கொடுத்தாலும் ஒலி தெளியாது.

பின்மூடியிலிருந்த திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பியபோது சில விநாடிகளுக்கு ஒலி தெளிந்தது, பிறகு மறுபடி மங்கியது. இந்தத் திருகாணி தொடுமுனையின் இடைவெளியைச் சரிசெய்வது. தேய்மானம் லேசாக இருந்தால் இதோடு சரியாகிவிடும், முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. எனக்கு வேலை செய்யாததால் விளிம்பைப் பிரித்தேன். அதிர்தகட்டின் கீழ்ப்பாதி முழுக்கத் துரு. நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி மயிரிழை அளவில் ஒரு விரிசல். எக்காளத்தின் கழுத்தில் காய்ந்த உப்பு வளையம். ஹாரனின் வாய் சற்றே மேல்நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தது, அலைத் தெறிப்பு உள்ளே விழுந்து வெளியேற வழியின்றித் தங்கியிருக்கிறது. வெளிப்பகுதி துருப்பிடிக்காத எஃகு என்பதால் பார்வைக்குப் புதிதுபோல மின்னியது. உள்ளே இருந்த தகடு சாதாரண எஃகு.

புதியதைத் தேர்ந்தது

கடையில் ஹாரனை விற்பது, ஒலியின் அளவைச் சொல்லும் டெசிபெல் எண்தான். அந்த எண்ணை எந்தத் தூரத்தில் அளந்தார்கள் என்று போடாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. தடையற்ற வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். பத்து சென்டிமீட்டரில் அளந்த 130, ஒரு மீட்டரில் 110தான். சர்வதேச விதிகளின் மூன்றாம் இணைப்பு ஒரு மீட்டரில் அளந்து கணக்கிடுகிறது. 20 மீட்டருக்குக் குறைந்த கலங்களின் ஊதலுக்கு அது சொல்லும் அளவு, ஒலியின் அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும். 180 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை 120 டெசிபெல், 450 முதல் 800 வரை 115, 800 முதல் 2100 வரை 111. கேட்க வேண்டிய தூரம் அரைக் கடல் மைல், அதாவது 926 மீட்டர்.

ஒரு மீட்டரில் 120 டெசிபெல் என்றால் 926 மீட்டரில் ஏறக்குறைய 60 மிஞ்சும். அருகில் நின்று இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவு அது. எதிர்ப் படகின் எஞ்சின் இரைச்சலுக்கும் காற்றுக்கும் நடுவே அது கேட்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, 'காதைப் பிளக்கிறதே, இது போதும்' என்று ஹாரனுக்குப் பக்கத்தில் நின்று சொல்லும் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கம்ப்ரசர் வைத்த காற்று ஹாரன் இன்னும் ஓங்கி ஒலிக்கும். ஆனால் பல மாடல்கள் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கம்ப்ரசருக்கு ஈரம் படாத இடமும் வேண்டும். இந்தச் சிறு படகில் அந்த இடம் இல்லை. தேர்ந்தது, ஒரே தட்டில் தாழ்ந்த சுருதி ஒன்றும் உயர்ந்த சுருதி ஒன்றுமாக இரட்டை ஹாரன். ஒவ்வொன்றும் 4 ஆம்பியர், கடல்நீர் தாங்கும் 316 தர எஃகில் செய்தது, அடியில் நீர் வடியும் துளை உள்ளது. அந்தத் துளையைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றே சொல்லலாம். இரண்டு சுருதி சேர்ந்து ஒலிக்கும்போது இரைச்சலில் ஒன்று அமுங்கினாலும் மற்றது மேலே வரும்.

பொருத்தியது

கம்பியிலிருந்து தொடங்கினேன். சுவிட்ச் பலகையிலிருந்து அணியம் வரை போகவும் வரவும் 10 மீட்டர். செம்பின் தன்மையைக் கொண்டு கணக்கிட்டால், பழைய 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 8 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 1.9 வோல்ட் கம்பியிலேயே தொலையும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.56 வோல்ட். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.35 வோல்ட், அதாவது 3 சதவீதத்துக்குள். பாதுகாப்பு சார்ந்த மின்பாதைகளில் இழப்பை 3 சதவீதத்துக்குள் வைப்பது படகு மின்வேலையில் நல்ல வழக்கம். 4 சதுர மில்லிமீட்டர், ஒவ்வொரு இழையிலும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போட்டேன். இணைப்புகளை அழுத்து முனைகளால் இறுக்கி, உள்ளே பசை தடவிய, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினேன். பசை இல்லாத குழாய் போதும் என்பவர்களுக்கு, கயிற்றுப் பெட்டியில் நான் வெட்டிய அந்தக் கறுத்த கம்பியைத்தான் காட்டுவேன்.

8 ஆம்பியரை இனி பொத்தான் வழியாக ஓட்ட மனமில்லை. நடுவே ஒரு ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச், வைத்தேன். பொத்தான் இப்போது ரிலேயின் சுருளுக்கான சிறு மின்னோட்டத்தை மட்டும் இயக்குகிறது, அந்தச் சுருளின் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று இருப்பதால் பொறியும் அடங்கிவிடுகிறது. பலகையில் 15 ஆம்பியர் ஃபியூஸ். 10 போட்டால் 8 ஆம்பியர் ஓட்டத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும், 4 சதுர மில்லிமீட்டர் கம்பியோ 15ஐ எளிதாகத் தாங்கும்.

ரிலே வைப்பதில் ஒரு ஆபத்தை யோசிக்க வேண்டியிருந்தது. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஹாரன் நிற்காமல் ஒலிக்கும். மூடுபனி ஒலிக் கருவியைத் தொடர்ந்து ஒலிப்பது, அதே விதிகளின் நான்காம் இணைப்பில் ஆபத்துச் சமிக்ஞைகளில் ஒன்று. உதவி தேவை என்று நம்பி யாரேனும் விரைந்து வருவார்கள். எனவே சுக்கான் மேடையிலிருந்து எழாமலே கை எட்டும் இடத்தில், ஹாரனுக்கென்று தனியாக ஒரு துண்டிப்பு சுவிட்ச் வைத்தேன்.

ஹாரனின் இடத்தைத் தேர்வதிலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. அதன் உள்ளே காந்தச் சுருள் இருப்பதால் திசைகாட்டிக்கு அருகே வைக்கக் கூடாது. கையில் பிடித்துத் திசைகாட்டியை நோக்கி மெல்லக் கொண்டுபோய், முள் அசையத் தொடங்கும் தூரத்தைப் பார்த்தேன். ஹாரனை அதைவிட வெகு தொலைவில் வைத்துவிட்டு, ஒலிக்கும்போது இன்னொரு முறையும் சரிபார்த்தேன். தொடுமுனை பொறி விடும் கருவி என்பதால் பெட்ரோல் தொட்டியோ ஆவியோ இருக்கும் மூடிய அறையில் பொருத்தவே கூடாது. விதியின்படி இயன்ற அளவு உயரத்திலும், ஒலியின் உச்சம் முன்னோக்கியும் இருக்க வேண்டும். அதே நேரத்தில் ஓட்டுபவர் காதில் 110 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, முடிந்தால் 100க்குள் நிற்க வேண்டும். அணியத்தின் முகப்பில், வாய் முன்னோக்கிச் சற்றே கீழே சாய்ந்திருக்கும்படி வைத்தேன்.

துளையிடும் வேலையில்தான் அதிக நேரம் போனது. இந்தப் படகின் தளம் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே இலேசான மரம் வைத்தது. துளையை அப்படியே விட்டால் நீர் மரத்துக்குள் இறங்கி அழுகல் பரவும். துளையைப் பெரிதாக்கி, ஓரத்து மரத்தைச் சுரண்டி எடுத்து, எபாக்சி என்ற பிசினை ஊற்றி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தேன். அடைப்புக்குப் பியூட்டைல் நாடா. பாலிசல்ஃபைடு வகைப் பசை நீண்ட நாள் உழைக்கும் என்றாலும் சில பிளாஸ்டிக்குகளை அரித்துவிடும், இந்த ஹாரனின் அடித்தட்டு பிளாஸ்டிக்.

கேட்டவர் சொன்னது

ஹாரன் ஒலிக்கும்போது அதன் முனைகளில் 11.8 வோல்ட், பேட்டரியில் 12.4. இழப்பு 3.3இலிருந்து 0.6க்கு இறங்கியிருந்தது. கைபேசிச் செயலியால் ஒலியை அளந்தேன். அதன் எண்ணை உண்மையான டெசிபெல் என்று நம்ப முடியாது, ஆனால் ஒரே கைபேசியை ஒரே இடத்தில் வைத்து, கழற்றுவதற்கு முன்பும் மாட்டிய பின்பும் அளந்தால் வேறுபாடு தெரியும். பத்து மீட்டரில் 17 கூடியிருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது இன்னொருவரின் காது. நண்பர் தன் படகை, காற்று வரும் திசையில் அரைக் கடல் மைல் தொலைவில் நிறுத்திக்கொண்டார். ஒலி காற்றை எதிர்த்துப் போக வேண்டும் என்பதற்காகவே அந்த இடம். எப்போது ஒலிப்பேன், எத்தனை ஒலி என்று சொல்லவில்லை. கேட்டதைக் கேட்ட நேரத்தோடு எழுதி வைக்கச் சொன்னேன். எஞ்சின் ஓடாதபோது ஐந்து சமிக்ஞைகளையும் சரியாக எழுதியிருந்தார். எஞ்சின் மெதுவாக ஓடியபோது ஐந்தில் நான்கு. முழு வேகத்தில் ஓட்டியபோது அரைக் கடல் மைலில் ஒன்றுகூட இல்லை. முந்நூறு மீட்டர் அளவுக்கு நெருங்கிய பிறகே முதல் ஒலியைக் குறித்திருந்தார்.

அந்தக் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். வளைவில் எதிரே வந்தவரும் வேகமாகத்தான் வந்தார். நல்ல ஹாரன் இருந்திருந்தாலும் அவருக்கு வளைவை நெருங்கிய பிறகே கேட்டிருக்கும். அதனால் இப்போது வளைவுகளில் ஒரு நீளொலி கொடுத்து, எஞ்சினை மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கி, பதிலுக்குக் காதுகொடுத்துவிட்டுத்தான் திரும்புகிறேன். மின்சாரமே இல்லாமல் போனால் பயன்படுத்த வாயால் ஊதும் ஊதல் ஒன்று சுக்கான் அருகே தொங்குகிறது.

ஆறு மாதத்துக்குப் பிறகு, ஹாரனை ஒலிக்க வைத்து அதே புள்ளிகளில் மறுபடி அளந்தேன். ஹாரன் முனைகளில் 11.7. கயிற்றுப் பெட்டி இணைப்பில் களிம்பு இல்லை. நீர் வடியும் துளைகளில் ஒன்றைப் பூச்சி மண்ணால் அடைத்திருந்தது, கம்பியால் குத்தித் திறந்தேன். ரிலேயை மட்டும் தாழ்வான இடத்தில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது, அதன் காலில் வெள்ளைப் பூப்பு தொடங்கியிருக்கிறது. அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது அதை ஒரு முழம் மேலே மாற்ற வேண்டும்.